கறுப்பா இருக்கு, கண்ணை நம்பாதீங்க: வீட்ல ஐரிஷ் டிரை ஸ்டவுட் காய்ச்ச முழு வழிகாட்டி

ஸ்டவுட்னா கின்னஸ் மாதிரி, வறுத்த பார்லி போட்டு காய்ச்சுற கறுப்பு பீர். இதுல புதுசா காய்ச்சுறவங்க தடுக்கி விழுறதுக்கு பெரிய காரணமே அது கறுப்பா இருக்கிறதுதான். மத்த பீர்னா கண்ணாலயே பாதி வேலை முடிஞ்சிடும், தெளிஞ்சுருக்கா, அடியில ஈஸ்ட் படிஞ்சுருக்கா, கலர் சரியா வந்துருக்கான்னு பாத்தே சொல்லிடலாம். இதுல எதுவும் தெரியாது. அதனால ஒவ்வொரு கட்டத்துலயும் தெர்மாமீட்டர், தராசு, ஹைட்ரோமீட்டர் (திரவத்தோட அடர்த்தியை வச்சு சர்க்கரை எவ்வளவுன்னு காட்டுற மிதவை, வெறும் தண்ணின்னா 1.000) இந்த மூணையும்தான் நம்பணும். என் முதல் பேட்ச்ல மேஷ் பண்ணும்போது, அதாவது தானியத்தை சுடு தண்ணியில ஊற வைக்கும்போது, கரண்டியில எடுத்துப் பாத்தா காபி டிகாஷனை தண்ணி விட்டு இளக்கின மாதிரி பிரவுனா இருந்துச்சு, "அய்யய்யோ கறுப்பு வரலையே"ன்னு வறுத்த பார்லி இன்னும் 400 கிராம் தூக்கிப் போட்டேன். கரண்டியில மெல்லிசா இருக்கிறப்போ எந்த ஸ்டவுட்டும் பிரவுனாத்தான் தெரியும்னு அப்ப எனக்கு தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு குடிச்சா அடுப்புக்கரியை கரைச்சு குடிச்ச மாதிரி இருந்துச்சு, 38 பாட்டில்.

கீழ இருக்கிறது 20 லிட்டருக்கு, ஒரே பானையில துணிப்பை போட்டு காய்ச்சுற முறை. நானும் இப்படித்தான் பண்றேன், ஃப்ரெண்ட்ஸ் ஆறேழு பேருக்கு பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்திருக்கேன், அவங்க எங்க எங்க தப்பு பண்ணாங்களோ அதெல்லாம் அந்தந்த இடத்துலயே எழுதியிருக்கேன்.

ஒரு விஷயம். நான் லண்டன்ல இருக்கேன், இங்க சொந்த உபயோகத்துக்கு வீட்ல காய்ச்சலாம், விக்கக்கூடாது. தமிழ்நாட்டுல வீட்ல காய்ச்சுறது குற்றம், அங்க இருக்கிறவங்க சும்மா படிங்க, பானையை எடுக்காதீங்க.

1. வாங்க வேண்டிய சாமான்

35 லிட்டருக்கு குறையாத பானை. 28 லிட்டர் தண்ணியும் 4 கிலோ தானியமும் ஒண்ணா உள்ள போகும், 30 லிட்டர் பானைல அது வழிஞ்சுடும், கிண்டவே முடியாது. கரண்ட்ல சூடாகுற பாய்லர் இருந்தா நல்லது, இல்லன்னா பெரிய பர்னர். சாதாரண சமையல் அடுப்பு 25 லிட்டரை கொதிக்க வைக்க திணறும், மொதல்ல வெறும் தண்ணியை வச்சு கொதி வருதான்னு ஒரு நாள் சோதிச்சுடுங்க. காய்ச்சுற அன்னைக்கு தெரிஞ்சா லேட்.

பானைக்குள்ள முழுசா விரியுற மெல்லிய நைலான் பை. மூடியும் ஏர்லாக்கும் (கேஸை வெளிய விட்டு காத்தை உள்ள விடாத அடைப்பு) இருக்கிற 30 லிட்டர் ஃபெர்மென்டர், அதாவது புளிக்க வைக்கிற பக்கெட். அடியில குழாய் வச்ச இன்னொரு பக்கெட், இது பாட்டில்ல நிரப்ப. டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர், அதுக்கு உயரமான ஜாடி. காப்பர் இல்லன்னா ஸ்டீல் கூலிங் காயில். பீரை ஒரு பக்கெட்லேர்ந்து இன்னொண்ணுக்கு இறக்க சைஃபன் குழாய். 500 மில்லி பிரவுன் பாட்டில் 40, மூடி, மூடி அடிக்கிற கருவி. கழுவாம விடுற வகை சானிடைசர், ஸ்டார் சான் மாதிரி. அப்புறம் ரெண்டு தராசு, ஒண்ணு கிலோ கணக்குக்கு, இன்னொண்ணு ஒரு கிராம் வரைக்கும் சரியா காட்டுறது. ஹாப்ஸையும் (கசப்புக்கு போடுற காஞ்ச பூ) சர்க்கரையையும் கிச்சன் தராசுல கண்ணு மதிப்புல போட்டு கெடுத்தவங்க நிறைய பேர்.

பாட்டில் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். ஜூஸ் பாட்டில், அலங்கார பாட்டில் எதுவும் அழுத்தம் தாங்காது. ஏற்கெனவே பீர் இருந்த பாட்டில்தான் வேணும், அதுலயும் திருகி திறக்கிறது வேண்டாம், ஓப்பனர் வச்சு திறக்கிறதா பாத்து சேருங்க.

2. தானியம், ஹாப்ஸ், ஈஸ்ட்

மாரிஸ் ஆட்டர்ங்கிற பார்லி ரகத்தோட பேல் மால்ட் 3 கிலோ, மால்ட்னா முளைக்க வச்சு காய வச்ச பார்லி. ஃப்ளேக்டு பார்லி 800 கிராம். வறுத்த பார்லி 400 கிராம். அவ்வளவுதான், கிட்டத்தட்ட 70, 20, 10ன்னு ஒரு கணக்கு. இதுல கிரிஸ்டல் மால்ட், சாக்லேட் மால்ட், ஓட்ஸ்னு ஆளாளுக்கு ஏதாவது சேக்க கை பரபரன்னு இருக்கும், சேத்தா அது வேற ஸ்டவுட், டிரை ஸ்டவுட் இல்ல. டிரைன்னா நாக்குல இனிப்பு தங்காம வறட்சியா முடியணும், கிரிஸ்டல் மால்ட் போட்டா அதுக்கு நேர் எதிரா போகும்.

மூணுக்கும் வேலை தனித்தனி. பேல் மால்ட்லதான் என்சைம் இருக்கு, மாவுச்சத்தை சர்க்கரையா மாத்துறது அதுதான். ஃப்ளேக்டு பார்லி மால்ட் ஆகாதது, அதுக்கு சொந்தமா என்சைம் கிடையாது, ஆனா அந்த கெட்டியான வெள்ளை நுரையும் வாயில வழவழன்னு ஒரு கனமும் வர்றது இதனால. வறுத்த பார்லிதான் கறுப்பும் காபி வாசனையும்.

இங்க மூணு பேரு மூணு விதமா ஏமாந்தாங்க. ஒருத்தர் பார்லி அரிசி வாங்கிட்டு வந்தார், நம்ம வீட்ல கஞ்சி வைக்கிறது. அவல் மாதிரி தட்டையாக்கி வேக வச்சதுதான் ஃப்ளேக்டு, முழு பார்லி அரிசிக்குள்ள இருக்கிற மாவுச்சத்து ஒரு மணி நேரத்துல வெளிய வராது. இன்னொருத்தர் கொரியன் கடையில பார்லி டீ வாங்கிட்டு வந்து "இதுவும் வறுத்த பார்லிதானே"ன்னாரு. பேரு ஒண்ணுதான், வறுவல் ரொம்ப லேசு, அதுல கறுப்பு வராது. மூணாவது ஆளு வாங்கினது பிளாக் மால்ட், அது மால்ட் பண்ணி வறுத்தது, குடிக்கலாம் ஆனா சுவை வேற பக்கம் போகும். காய்ச்சுற சாமான் விக்கிற கடையிலேயே வாங்குங்க, அரைச்சே கொடுப்பாங்க. ஃப்ளேக்டை மட்டும் அரைக்க வேண்டாம்.

ஹாப்ஸ்ல "ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்"ங்கிற ரகம், இந்த ஈஸ்ட் கிழக்கு, புளிக்க வைக்கிற ஈஸ்ட் இல்ல. பாக்கெட் மேல ஆல்ஃபா ஆசிட் (கசப்பு தர்றது) எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும், 325ஐ அந்த எண்ணால வகுங்க, வர்றதுதான் கிராம். 5 சதவீதம்னா 65 கிராம். அதே ஹாப்ஸ் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால "65 கிராம்"ங்கிறதை மனப்பாடம் பண்ணாதீங்க, வகுத்தலை மனப்பாடம் பண்ணுங்க. கசப்பு சுமார் 38 யூனிட் வரும், இந்த லேசான பீருக்கு அது கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், இருக்கணும்.

ஈஸ்ட் 11 கிராம் டிரை பாக்கெட் ஒண்ணு. நான் நாட்டிங்ஹாம் போடுறேன், சர்க்கரையை நல்லா தின்னு முடிக்கும். எஸ்-04ம் சரி. ஐரிஷ் ஏல்னு தனியா திரவ ஈஸ்ட் இருக்கு, வையீஸ்ட் 1084, ஒயிட் லேப்ஸ் 004. அதுதான் பொருத்தம், ஆனா அதுக்கு முந்தின நாளே ஸ்டார்டர் பண்ணி எண்ணிக்கையை பெருக்கணும். முதல் தடவையே அந்த வேலையை இழுத்துப் போட்டுக்காதீங்க.

3. தண்ணி: அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி

எல்லாரும் தாண்டிப் போற இடம் இதுதான், எனக்கு கேட்டா ஸ்டவுட்ல பாதி சுவை இங்கயே முடிவாயிடுது.

மொதல்ல குளோரின். குழாய் தண்ணியில இருக்கிற குளோரினும் குளோரமினும் மால்ட்டோட சேந்தா பேண்ட்-எய்ட், மருந்து மாதிரி ஒரு வாசனை வரும், அது எத்தனை மாசம் வச்சாலும் போகாது. 28 லிட்டருக்கு கேம்டன் மாத்திரை (காய்ச்சுற கடையில கிடைக்கிற சல்ஃபைட் மாத்திரை) பாதி, நுணுக்கிப் போட்டு கலக்கி அஞ்சு நிமிஷம் விட்டா போதும். கொதிக்க வச்சா குளோரின் போயிடும்னு சொல்வாங்க, குளோரமின் அவ்வளவு சீக்கிரம் போகாது.

அடுத்தது கடினத்தன்மை. வறுத்த பார்லி புளிப்புத்தன்மை உள்ளது, அது மேஷோட பி.எச் அளவை கீழ இழுக்கும். கார்பனேட் அதிகமா இருக்கிற தண்ணி அந்த இழுப்பை தாங்கிப் பிடிக்கும். லண்டன் தண்ணி கெட்டில்ல வெள்ளையா படியுற ஜாதி, லாகருக்கு (வெளிர் மஞ்சள் பீர்) தலைவலி, ஸ்டவுட்டுக்கு கும்பிட்டு ஏத்துக்கலாம். தானியம் மூணையும் ஆரம்பத்துலயே ஒண்ணா போட்டுடலாம்.

மென்மையான தண்ணின்னா, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கம் நிறைய ஊர்ல அப்படித்தான், பேல் மால்ட்டையும் ஃப்ளேக்டையும் மட்டும் மொதல்ல போட்டு மேஷ் முடிய 20 நிமிஷம் இருக்கும்போது வறுத்த பார்லியை சேருங்க. அப்ப பி.எச் ரொம்ப இறங்காது, கரகரன்னு புளிச்ச காபி சுவையும் வராது. இல்லன்னா 28 லிட்டருக்கு 4 கிராம் பேக்கிங் சோடா. ரெண்டுல ஏதாவது ஒண்ணு, ரெண்டும் இல்ல.

பீர் காய்ச்சுறதைப் பத்தின பழைய புத்தகங்கள்ல "டப்ளின் தண்ணி"ன்னு ஒரு அட்டவணை இருக்கும், பைகார்பனேட் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல போட்டிருக்கும். அதை பாத்துட்டு சோடாவையும் சுண்ணாம்பையும் அள்ளிக் கொட்டுறவங்க உண்டு. ஆனா டப்ளின்ல இருக்கிற கின்னஸ் ஆலை, செயின்ட் ஜேம்ஸ் கேட், அங்க காய்ச்சுறதுக்கு வர்ற தண்ணி விக்லோ மலையிலேர்ந்து வருது, கிரானைட் பாறை மலை, தண்ணி மென்மை. அதனால அட்டவணையை விட்டுட்டு உங்க தண்ணி கம்பெனியோட ரிப்போர்ட்டை பாருங்க, போஸ்ட்கோடு போட்டா வந்துடும். பி.எச் மீட்டர் இருந்தா மேஷ் ஆரம்பிச்சு 15 நிமிஷத்துல கொஞ்சம் எடுத்து ஆற வச்சு பாருங்க, 5.3லேர்ந்து 5.6க்குள்ள இருந்தா கையைக் கட்டிட்டு உக்காருங்க.

4. மேஷ்

28 லிட்டரை 69 டிகிரிக்கு சூடாக்குங்க. தானியம் அறை வெப்பத்துல இருக்கும், போட்டதும் மூணு டிகிரி போல இறங்கி 66 பக்கத்துல வந்து நிக்கும். குளிர்காலத்துல தானியத்தை கராஜ்ல வச்சிருந்தீங்கன்னா இன்னும் இறங்கும், முந்தின நாள் ராத்திரியே வீட்டுக்குள்ள எடுத்து வச்சுடுங்க.

அடுப்பை அணைச்சுட்டு பையை விரிங்க. தானியத்தை ஒரேயடியா கவுக்காதீங்க, ஒருத்தர் மெதுவா தூவ இன்னொருத்தர் கிண்டணும். ரவா உப்புமாவுல கட்டி தட்டுமே அதே கதைதான், வெளிய ஈரம் உள்ள காஞ்ச மாவு, அந்த மாவுல இருக்கிற சர்க்கரை உங்களுக்கு கிடைக்காது. ஃப்ளேக்டு பார்லி பசை மாதிரி ஒட்டும், அடி வரைக்கும் கரண்டி போகணும்.

இலக்கு 65, 66 டிகிரி, 60 நிமிஷம். இந்த சூட்டுலதான் ஈஸ்ட் சாப்பிடக்கூடிய சர்க்கரை அதிகமா வரும், பீர் வறட்சியா முடியும். 69, 70க்கு போயிட்டா ஈஸ்ட்டால சாப்பிட முடியாத சர்க்கரை தங்கிடும், பீர் திகட்டும், அதை பின்னாடி எந்த ஈஸ்ட் போட்டும் சரி பண்ண முடியாது. தானியம் போட்டு கிண்டினதும் மூணு இடத்துல தெர்மாமீட்டர் வச்சு பாருங்க, ஓரத்துலயும் நடுவுலயும் ரெண்டு மூணு டிகிரி வித்தியாசம் சகஜம். அதிகமா இருந்தா கொஞ்சம் பச்சைத் தண்ணி, குறைஞ்சா ஒரு கெட்டில் கொதி தண்ணி.

மூடி போட்டு ரெண்டு கம்பளியை சுத்துங்க. சூடு இறங்குதேன்னு பை உள்ள இருக்கும்போதே அடுப்பை பத்த வைக்காதீங்க, பை அடியில ஒட்டி உருகும், ஒருத்தர் வீட்ல 4 கிலோ தானியமும் பானைக்குள்ளயே கொட்டிடுச்சு, வடிதட்டால அள்ளி அள்ளி ஒரு மணி நேரம் போச்சு. ஒரு மணி நேரத்துல ஒண்ணு ரெண்டு டிகிரி இறங்குறது பரவாயில்ல.

5. பையை தூக்குறது, முதல் அளவு

தானியத்தோட இனிப்பெல்லாம் இறங்கின இந்த தண்ணிக்கு பேரு வொர்ட். பையை தூக்கி பானை மேல ஒரு கம்பி தட்டுல வச்சு வடிய விடுங்க, நல்லா பிழியலாம். பிழிஞ்சா துவர்ப்பு இறங்கும்னு ஒரு பயம் ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. துவர்ப்பு வர்றது தண்ணியோட பி.எச் ஏறினா, இல்ல தானியம் ரொம்ப சூடானா. ரப்பர் கையுறை போட்டு பிழியுங்க, அவ்வளவுதான்.

இப்ப 25 லிட்டர் போல இருக்கணும், ஹைட்ரோமீட்டர் 1.036 பக்கம் காட்டணும். ஆற வச்சு 20 டிகிரியில பாருங்க, சூடா இருக்கும்போது பாத்தா கம்மியா காட்டும், அதை நம்பி மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட்லேர்ந்து எடுத்த சர்க்கரை) கொட்டி ஸ்டவுட்டை பார்லி ஒயின், அதாவது ரொம்ப போதையான பீர், ஆக்கினவங்க உண்டு. நிஜமாவே 1.031தான் இருக்குன்னா டிரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 300 கிராம் நாலஞ்சு பாயின்ட் (0.004, 0.005) ஏத்தும். அடுத்த தடவை தானியத்தை இன்னும் கொஞ்சம் நைசா அரைச்சு வாங்குங்க.

கறுப்பு திரவத்துல இன்னொரு தொல்லை. ஹைட்ரோமீட்டர் தண்டை ஒட்டி திரவம் கொஞ்சம் மேல ஏறி நிக்கும், படிக்க வேண்டியது அதோட அடியை, ஆனா ஸ்டவுட்ல அந்த அடி தெரியவே தெரியாது. மேல் விளிம்புல இருக்கிற எண்ணை படிச்சு 0.001 கூட்டிக்கோங்க. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி படிக்கணும், இன்னைக்கு மேல நாளைக்கு கீழன்னு படிச்சா ரெண்டு எண்ணும் வீண். படிக்கிறதுக்கு முன்னாடி ஹைட்ரோமீட்டரை விரலால ஒரு சுழட்டு சுழட்டி விடுங்க, ஒட்டியிருக்கிற குமிழி கழண்டுடும்.

6. கொதி

60 நிமிஷம், மூடி போடாம. கொதி வர்ற அந்த நேரத்துல மட்டும் போனை கீழ வச்சுட்டு பானை பக்கத்துல நில்லுங்க. பால் பொங்குற மாதிரியேதான், பிரவுன் நுரை எழும்பி பத்து செகண்ட்ல விளிம்புக்கு வந்துடும், காஞ்சா அடுப்புலேர்ந்து சுரண்டி எடுக்கிறது பெரிய பாடு. ஸ்ப்ரே பாட்டில்ல பச்சைத் தண்ணி வச்சுக்கிட்டு அடிச்சா அமுங்கும்.

நுரை அடங்கினதும் ஹாப்ஸ் முழுசையும் போட்டு டைமரை ஓட விடுங்க. கடைசியில வாசனைக்குன்னு எதுவும் போட வேண்டாம், இந்த பீர்ல ஹாப்ஸ் கசப்புக்கு மட்டும்தான், பூ வாசனையும் வறுத்த வாசனையும் சண்டை போடும். 45வது நிமிஷம் கழுவின கூலிங் காயிலை உள்ள இறக்குங்க, கடைசி 15 நிமிஷ கொதியிலயே அது சுத்தமாயிடும்.

முடியும்போது 21.5 லிட்டர், 1.042. கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா தலை போயிடாது.

7. ஆற வைக்கிறதும் சானிடைசரும்

அடுப்பை அணைச்ச நிமிஷத்துலேர்ந்து ஆட்டம் மாறுது. இதுவரைக்கும் கை, கரண்டி எது பட்டாலும் கொதி பாத்துக்கிச்சு. இப்ப வொர்ட்டுங்கிறது சர்க்கரைத் தண்ணி, எந்த கிருமி மொதல்ல வந்து உக்காந்தாலும் அதோட வீடு.

கழுவுறது வேற, சானிடைஸ் பண்றது வேற. அழுக்கு மேல சானிடைசர் அடிச்சா அழுக்குக்கு அடியில இருக்கிறது அப்படியே உயிரோட இருக்கும். மொதல்ல தேச்சு கழுவி, அப்புறம் ஸ்டார் சான்னா லிட்டருக்கு 1.5 மில்லி கணக்குல கலந்து, ஃபெர்மென்டர், மூடி, ஏர்லாக், குழாய், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டுற கத்தரிக்கோல் வரைக்கும் எல்லாத்துலயும் ரெண்டு நிமிஷம் பட விடுங்க. நுரை தங்கினா விடுங்க, அது ஒண்ணும் பண்ணாது. அந்த நுரையை பாத்து பயந்து குழாய் தண்ணியில அலசினா பண்ணின வேலையெல்லாம் போச்சு, இதை நான் பக்கத்துல நிக்கும்போதே ஒருத்தர் பண்ணினார், சொல்றதுக்குள்ள குழாயை திறந்துட்டார்.

காயில்ல தண்ணி ஓட விட்டா 20, 25 நிமிஷத்துல இறங்கிடும், நடுவுல காயிலை லேசா ஆட்டி விட்டா சீக்கிரம். 18 டிகிரி வந்ததும் ஃபெர்மென்டர்ல ஊத்துங்க, இந்த ஒரு தடவை மட்டும் உயரத்துலேர்ந்து சளசளன்னு ஊத்தலாம், ஈஸ்ட்டுக்கு காத்து வேணும். இதுக்கு அப்புறம் கடைசி வரைக்கும் காத்து எதிரி.

ஜாடியில கொஞ்சம் எடுத்து ஆரம்ப அளவை எழுதி வைங்க, தேதியோட, ஃபெர்மென்டர் மேலயே டேப் ஒட்டி. எழுதாம விட்டா ஆல்கஹால் எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

8. ஈஸ்ட் போட்டு காத்திருக்கிறது

மேல தூவினா போதும், கலக்க வேண்டாம். வொர்ட் 25, 28 டிகிரி இருக்கும்போதே "போதும் ஆறிடுச்சு"ன்னு போடுறது ரொம்ப சகஜமான தப்பு. சூட்டுல ஈஸ்ட் பறக்கும், பழ வாசனையும் நாக்குல எரியுற ஆல்கஹாலும் வரும். ஆறலையா, மூடி போட்டு காலைல போடுங்க, சுத்தமா வச்சிருந்தா ஒண்ணும் ஆகாது.

18லேர்ந்து 20 டிகிரிக்குள்ள வைங்க. வேகமா புளிக்கும்போது பக்கெட் உள்ள அறையை விட மூணு நாலு டிகிரி சூடு ஏறும், அதனால அறை 15, 16 இருந்தா சரியா இருக்கும். இங்க ஒரு வேடிக்கை, நம்மாளுங்க இட்லி மாவு பொங்கணும்னு வீட்லயே சூடான மூலையை கண்டுபிடிச்சு வச்சிருப்பாங்க, பாய்லர் அலமாரி, லைட் போட்ட அவன் பக்கம். பீரையும் நேரா அங்க கொண்டு போய் வைப்பாங்க. வேண்டாம், மாவுக்கு வேணும்கிற சூடு இதுக்கு ஆகாது. படிக்கட்டுக்கு அடியில, வெளிச்சம் இல்லாத இடம் போதும்.

மறுநாள் காலைலயே ஏர்லாக் குமிழி விட ஆரம்பிச்சுடும், மூணு நாலு நாள்ல நின்னுடும். நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல, குமிழி வரலைன்னா ஆரம்பிக்கலைன்னும் அர்த்தம் இல்ல, மூடி சரியா இறுகாம காத்து பக்கவாட்டுல போயிருக்கும். தினமும் திறந்து பாக்காதீங்க. பாத்தாலும் என்ன தெரியும், கறுப்பு.

பத்தாவது நாள் அளவு எடுங்க. மூணு நாள் கழிச்சு மறுபடி எடுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்து 1.010 பக்கத்துல நின்னா முடிஞ்சுது, ஆல்கஹால் 4.2 சதவீதம் போல. 1.016, 1.018ல நின்னுடுச்சுன்னா பக்கெட்டை லேசா சுழட்டி அடியில படிஞ்ச ஈஸ்ட்டை எழுப்பி விட்டு, 21 டிகிரிக்கு கொண்டு போய் ஒரு வாரம் விடுங்க. பெரும்பாலும் இறங்கிடும். இறங்கலைன்னா மேஷ் சூடு அதிகமாயிருக்கும், உங்க தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணியில வச்சு பூஜ்யம் காட்டுதான்னு பாருங்க.

அளவு எடுத்த ஜாடியில இருக்கிறதை திரும்ப ஊத்தாதீங்க, குடிச்சு பாருங்க. கேஸ் இல்லாம, கொஞ்சம் கரடா, கசப்பா இருக்கும், இந்த கட்டத்துல இப்படித்தான் இருக்கும்.

9. பாட்டில்

இந்த வேலையில ஆபத்துன்னு ஒண்ணு இருந்தா அது இங்கதான். புளிச்சு முடியாத பீரை அடைச்சா மிச்ச சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள்ள தின்னு கேஸ் விடும், கண்ணாடி வெடிக்கும். ஒரு ஃப்ரெண்ட் ஏர்லாக் நின்னதை பாத்துட்டு ஏழாவது நாள் அடைச்சுட்டார், ஹைட்ரோமீட்டர் வாங்கவே இல்ல. மூணு வாரம் கழிச்சு ராத்திரி அலமாரிக்குள்ள பட்டுன்னு ஒண்ணு, அப்புறம் தொடர்ச்சியா நாலு. அலமாரி கதவு மூடியிருந்ததால ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தாத்தான் பாட்டில், இதுல சமரசம் கிடையாது.

சர்க்கரை லிட்டருக்கு 4.5 கிராம், பக்கெட்ல 19 லிட்டர் தேறினா 85 கிராம், சாதாரண வெள்ளை சர்க்கரை. ஸ்டவுட்ல கேஸ் கம்மியாத்தான் இருக்கணும், லாகர் கணக்குக்கு 130, 140 போட்டா நாக்குல குத்தும், அந்த வழவழப்பு காணாம போயிடும். ஒரு டம்ளர் தண்ணியில கொதிக்க வச்சு ஆற விட்டு, குழாய் பக்கெட்ல மொதல்ல ஊத்துங்க, அது மேல பீரை சைஃபன்ல இறக்குங்க. சர்க்கரை அடியில இருந்தா பீர் இறங்குற சுழற்சியிலயே கலந்துடும். ஒவ்வொரு பாட்டில்லயும் ஸ்பூன்ல போடுற முறையில ஒண்ணு சப்புன்னும் ஒண்ணு பீச்சி அடிச்சுக்கிட்டும் வரும்.

சைஃபன்ல பீர் வெளிய வர்ற முனை குழாய் பக்கெட்டோட அடி வரைக்கும் போகணும், மேலேர்ந்து சலசலன்னு விழக்கூடாது. இப்ப காத்து கலந்தா ஒரு மாசத்துல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வரும். ஃபெர்மென்டர் அடியில வண்டல் எங்க ஆரம்பிக்குதுன்னு இதுல தெரியாது இல்லையா, அதனால சைஃபனோட உறிஞ்சுற முனையை அடி வரைக்கும் விடாம நாலு விரல் உயரத்துல பிடிச்சு, மட்டம் இறங்க இறங்க மெதுவா இறக்குங்க. குழாய்ல வர்ற பீருக்கு பின்னாடி டார்ச் அடிச்சு பாத்தா மாதுளம்பழ சிவப்புல தெளிவா தெரியும், கலங்கலா ஆச்சுன்னா நிறுத்திடுங்க. கடைசி ஒரு லிட்டருக்கு ஆசைப்பட வேண்டாம்.

கழுத்துல ரெண்டு விரல் இடம் விட்டு மூடி அடிங்க. ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டில்லயும் நிரப்பி வைங்க, அதை அமுக்கிப் பாத்து கல்லு மாதிரி இறுகியிருந்தா மத்ததுலயும் கேஸ் ஏறிடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்.

10. வைக்கிறதும் ஊத்துறதும்

20 டிகிரியில ரெண்டு வாரம். ஃப்ரிட்ஜ்ல வச்சா ஈஸ்ட் தூங்கிடும், கேஸ் ஏறாது. ரெண்டு வாரத்துல குடிக்கலாம், அஞ்சாறு வாரத்துலதான் அந்த வறுத்த கரகரப்பு அடங்கி வட்டமா வரும். எட்டு பாட்டிலை ஒளிச்சு வைங்க, இல்லன்னா அந்த ஆறாவது வாரத்துக்கு ஒண்ணு கூட மிஞ்சாது.

10, 12 டிகிரியில ஊத்துங்க, ஐஸ் மாதிரி குளிர்ந்தா காபி வாசனை அடங்கி கசப்பு மட்டும் நிக்கும். பாட்டிலை கவுத்து ஆட்டாம ஒரே ஊத்தா ஊத்தி அடியில ஒரு விரல் விட்டுடுங்க.

பப்ல வர்ற மாதிரி மேலேர்ந்து கீழ சரியுற நுரை ஏன் வரலைன்னு எல்லாரும் கேப்பாங்க. அது நைட்ரஜன், நாலுல மூணு பங்கு நைட்ரஜனும் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த கேஸை சின்ன ஓட்டை போட்ட தட்டு வழியா தள்ளுற தனி டேப் வேணும், கெக், சிலிண்டர்னு செலவு எங்கயோ போகும். அதுக்கு பதிலா மருந்துக்கடையில ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் வாங்குங்க, புதுசா, கழுவி. டம்ளர்ல முக்கால் ஊத்தினதும் சிரிஞ்ச்ல கொஞ்சம் பீரை உறிஞ்சி, முனையை மட்டத்துக்கு கீழ வச்சு ஒரே அழுத்தா வேகமா பீச்சுங்க. முழு டம்ளரும் ஒரு நொடி பிரவுனா கலங்கி, குமிழி ஓரத்துல கீழ இறங்கி நடுவுல மேல ஏறி, நுரை மெல்ல வெள்ளையா மேல வந்து உக்காரும். அதுக்கு அப்புறம் மிச்ச கால் பங்கை நடுவுல ஊத்தினா நுரை விளிம்பை விட கொஞ்சம் தூக்கி நிக்கும்.